பவளத்தின் நஞ்சும் கண்ணாடித் தொட்டியின் உயிர்களும்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல் துறை மாணவி

முன்னுரை

கடலுக்கும் அந்தியூருக்கும் நேரான தொடர்பு எதுவும் இல்லை. நமக்குத் தெரிந்த பெருநீர் என்பது வறட்டுப்பள்ளம் அணையும், மழை நன்றாகப் பெய்த ஆண்டில் நிரம்பும் பெரிய ஏரியுமே ஆகும். ஆனால் நஞ்சைப் பற்றி நம் மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளக் காட்டில் மாட்டை அவிழ்த்துவிடக் கூடாது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாருகூட அறிவார். அந்தப் பயிரில் ஹைட்ரோசயனிக் அமிலம் உண்டாகிறது என்பதை நான் கல்லூரியில் படித்தேன். அவர் தம் தகப்பனாரிடம் கேட்டறிந்தார். ஆடுமாடு வாய் வைக்காது என்றுதான் வேலியோரம் அரளி வைக்கிறோம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்னாகும் என்பது குழந்தைக்கும் தெரியும்.

இவ்வாறு நிலத்தின் நஞ்சுகளைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த நமக்குக் கடலின் நஞ்சு புதிது. இன்று கோவை போன்ற நகரங்களில் வசதியுள்ள இல்லங்களிலும் விடுதிகளிலும் கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டிகள் வந்துவிட்டன. அவற்றுள் மீனோடு பவளமும் வளர்க்கப்படுகிறது. அத்தொட்டிகளைக் கழுவித் துடைக்கும் வேலைக்கு நம் பக்கத்து இளைஞர்கள் போகிறார்கள். அவர்களுக்கு அந்தப் பவளத்தைப் பற்றிச் சொல்ல அப்பாரும் இல்லை, பழமொழியும் இல்லை. எனவே பவள இனங்களின் நஞ்சு எத்தகையது, அது தொட்டியிலும் வீட்டிலும் உள்ள பிற உயிர்களை எவ்வாறு தாக்குகிறது, காத்துக்கொள்ளும் வழி யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பவளம் என்பது யாது?

பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று, விலங்கு. முதலாம் ஆண்டுச் செய்முறை வகுப்பில் நுண்ணோக்கியின்கீழ் நாம் பார்த்த ஹைட்ராவின் உறவினம். இரண்டும் குழியுடலிகள் என்னும் தொகுதியைச் சேர்ந்தவை. குழல் போன்ற உடல், ஒரே வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள்: இதுவே அமைப்பு. இத்தகைய சிற்றுயிர்கள் பல ஒன்றுசேர்ந்து சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டால் அது கடினப் பவளம். கூடு கட்டாமல் தோல்போல் நெகிழ்ந்து நின்றால் மென்பவளம். சட்டைப் பொத்தான்களைக் கல்லின்மேல் வரிசையாக ஒட்டியதுபோல் படர்ந்து, நடுவில் வட்டத் தட்டும் ஓரத்தில் குட்டைக் கொம்புகளும் கொண்டிருந்தால் அது சோயாந்திட் எனப்படும் வகை. இதனைப் ‘பொத்தான் பவளம்’ என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுவேன். சோயாந்தஸ், பாலித்தோவா என்பன இதன் முக்கியப் பேரினங்கள்.

தமிழ்நாட்டில் இவற்றைக் காண வேண்டுமானால் மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைப் பகுதிக்கும் செல்ல வேண்டும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் வரிசையாக உள்ளன. அவற்றைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட கடினப் பவள இனங்கள் வாழ்கின்றன. 1947இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் இவற்றை நெடுங்காலம் ஆராய்ந்து வந்துள்ளது. 1986இல் இத்தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பொத்தான் பவளங்களும் அக்கரைகளில் பாறைகளை ஒட்டி வளர்கின்றன.

ஓடவும் ஒளியவும் இயலாத உயிரின் ஆயுதங்கள்

மாடு முட்டும், நாய் கடிக்கும், முயல் ஓடும். பாறையில் ஒட்டிய பவளம் என்ன செய்யும்? அதற்கு மூன்று வகையான ஆயுதங்கள் உண்டு.

முதலாவது, கொட்டும் செல். உணர்கொம்பின் தோலில் நுண்ணிய பைகள் உள்ளன. ஒவ்வொரு பையிலும் சுருட்டி வைத்த நூல் ஒன்று நஞ்சோடு காத்திருக்கும். தொட்டவுடன் அது ஈட்டிபோல் பாயும். ஹைட்ராவின் கொட்டும் செல் வெடித்துப் பாயும் வேகத்தை 2006இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதிவேகப் படக்கருவியால் அளந்தனர். ஒரு நொடியைப் பத்து இலட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அது பாய்ந்து முடிகிறது. அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 50 இலட்சம் மடங்குக்கும் மேல். நாம் வகுப்பில் சாதுவாகப் பார்த்த ஹைட்ராவுக்குள் இவ்வளவு வேகம் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது, நீட்டிச் சண்டையிடும் உறுப்பு. ஜூடித் லாங் என்னும் அமெரிக்கப் பெண் ஆய்வாளர் ஜமைக்காத் தீவில் பவளங்களைக் கவனித்து 1971, 1973 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இதைத் தெளிவாக்கின. ஒரு பவளம் தன் வயிற்றுக்குள் இருக்கும் செரிமான இழைகளை வாய்வழியே வெளியே தள்ளி, பக்கத்துப் பவளத்தின்மேல் போட்டு, அதை வெளியிலேயே செரித்துவிடுகிறது. வேறு சில பவளங்கள் இரவு நேரத்தில் மிக நீண்ட கொம்புகளை வீசி எல்லையைக் காக்கின்றன. பகலில் பூந்தோட்டமாகத் தெரியும் தொட்டி இரவில் வரப்புத் தகராறு நடக்கும் வயலாகிறது.

மூன்றாவது, நீரில் கலந்துவிடும் வேதிப்பொருள். மென்பவளங்கள் டெர்ப்பீன் வகைச் சேர்மங்களை உண்டாக்குகின்றன. ஆஸ்திரேலியாவின் பெரும்பவளத் திட்டில் சம்மார்க்கோ, கோல் முதலிய அறிஞர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வு, மென்பவளம் தொடாமலேயே பக்கத்துக் கடினப் பவளத்தின் வளர்ச்சியைக் குன்றச் செய்யவும் அதன் திசுவைக் கொல்லவும் வல்லது என்று காட்டிற்று.

கடலில் இவையெல்லாம் அளவோடு நடக்கின்றன. அலை வந்து நஞ்சை அடித்துச் சென்றுவிடும். மீன் விலகிப் போய்விடும். வீட்டுத் தொட்டியின் நிலை வேறு. 3 அடி நீளமும் 1½ அடி அகலமும் 1½ அடி உயரமும் உடைய தொட்டியில் ஏறத்தாழ 190 லிட்டர் நீர்தான் கொள்ளும். அந்த நீரே சுற்றிச் சுற்றி வருகிறது. கடலில் பல மைல் தள்ளி வாழும் இனங்களை ஒரு சாண் இடைவெளியில் வைத்துவிட்டு, அவை ஒற்றுமையாக வாழ வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

ஹானாவின் கொல்லும் பாசி

மேற்சொன்ன மூன்றையும் விடக் கொடியது பொத்தான் பவளத்தின் நஞ்சு. அதன் வரலாறு ஒரு நாட்டுப்புறக் கதையில் தொடங்குகிறது.

பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகளில் மாவி என்பது ஒன்று. அதில் ஹானா என்ற ஊருக்கு அருகில் மீனவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போயினராம். ஊரார் ஐயுற்று, கூன் விழுந்த ஒருவனைப் பிடித்து அவன் மேலாடையை விலக்கிப் பார்த்தபோது முதுகில் சுறாவின் வாய் இருந்ததாம். அவனைக் கொன்று எரித்துச் சாம்பலைக் கடலோரக் குட்டை ஒன்றில் கொட்டினர். அக்குட்டையில் வளர்ந்த பாசி அன்றுமுதல் கொல்லும் நஞ்சாயிற்று என்பது கதை. ‘ஹானாவின் கொல்லும் பாசி’ என்று பெயரிட்டு, அதைப் போர் ஈட்டியின் முனையில் தடவினர் என்றும் சொல்வார்கள். அக்குட்டையை அணுகுவோர்க்குத் தீங்கு நேரும் என்று ஊரார் நம்பினர்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1961 டிசம்பர் 31 அன்று அக்குட்டையிலிருந்து மாதிரி எடுத்தனர். அதே நாளில் அவர்களுடைய கடல் ஆய்வகத்தின் முதன்மைக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. தற்செயல் என்றே கொள்ள வேண்டும். ஆயினும் ஊரார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். அம்மாதிரி பாசி அன்று, பாலித்தோவா என்னும் பொத்தான் பவளம் என்பது பின்னர்த் தெரிந்தது. 1971இல் மூர், ஷோயர் என்னும் இருவரும் அதிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சைப் ‘பாலிடாக்சின்’ என்று உலகுக்கு அறிவித்தனர்.

இதன் மூலக்கூறு வியப்புக்குரியது. 129 கார்பன், 223 ஹைட்ரஜன், 3 நைட்ரஜன், 54 ஆக்சிஜன் அணுக்கள் ஒரே சங்கிலியாய் அமைந்தது. மூலக்கூறு எடை சுமார் 2680. அதாவது குளுக்கோசைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு. அமைப்பைக் கண்டறிய 1981 வரை ஆயிற்று. ஹவாயில் மூரின் குழுவினரும் ஜப்பானில் ஹிராட்டா, உயெமுரா குழுவினரும் தனித்தனியே அதனைக் கண்டனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிஷியின் குழு 1994இல் ஆய்வகத்திலேயே அதை முழுமையாக ஆக்கிக் காட்டிற்று. ஊரார் ஒரு குட்டையைக் கண்டு அஞ்சியதில் உண்மை இருந்தது. அதன் காரணத்தை வேதியியல் வந்து சொல்லிற்று.

அரளியும் பாலிடாக்சினும்

இந்நஞ்சு உடலில் என்ன செய்கிறது? இதை அறிய நம் வேலியோரத்து அரளியைத் துணைக்கு அழைக்கலாம்.

விலங்குகளின் ஒவ்வொரு செல்லிலும் சோடியம்-பொட்டாசியம் இறைப்பான் என்ற புரதம் உள்ளது. 1957இல் டென்மார்க் நாட்டு ஸ்கூ என்பவர் இதனைக் கண்டறிந்தார். அதற்காக 1997இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே இறைத்து, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்வது அதன் தொழில். நரம்பு செய்தி சொல்வதும் இதயம் துடிப்பதும் தசை சுருங்குவதும் இந்த ஏற்றத்தாழ்வை நம்பியே நடக்கின்றன.

இதை நம் தாத்தாக்கள் காலத்துக் கவலை இறைப்புக்கு ஒப்பிடலாம். மாடு பின்னும் முன்னும் நடக்க, ஒவ்வொரு சாலாக நீர் மேலேறும். அரளியின் நஞ்சு அந்த மாட்டைப் பிடித்துக் கட்டிவிடுகிறது, இறைப்பு நின்றுவிடும். பாலிடாக்சினோ வேறு வகையில் கெடுக்கிறது. அது இறைப்பானின் இரு பக்கக் கதவுகளையும் ஒரே நேரத்தில் திறந்தபடி நிறுத்திவிடுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கில் அயனிகளை எண்ணி எண்ணி இறைத்த புரதம், நொடிக்கு இலட்சக்கணக்கில் அயனிகள் புரண்டோடும் ஓட்டையாகிறது. கவலை மாட்டைக் கட்டுவது ஒன்று, ஏரிக்கரையை உடைத்துவிடுவது வேறொன்று அல்லவா? செல்லுக்குள் சோடியம் பாய்கிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. தசை இறுகுகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதயம் தடுமாறுகிறது. எல்லா விலங்குச் செல்லிலும் இவ்விறைப்பான் இருப்பதால், மீன், நாய், மனிதன் என்ற வேறுபாடின்றி எவரையும் இந்நஞ்சு தாக்க வல்லது. இதற்கு மாற்று மருந்து இதுவரை இல்லை.

பிற உயிர்கள் படும் பாடு

இனித் தலைப்புக்குரிய பகுதிக்கு வருவோம்.

தொட்டியின் மீன்கள்: நலமாக இருக்கும் பொத்தான் பவளத்தின் அருகே மீன்கள் ஆண்டுக்கணக்கில் ஊறின்றி நீந்துகின்றன. நஞ்சு பெரும்பாலும் பவளத்தின் தசையிலும் அதன் பசையிலும் அடங்கிக் கிடக்கிறது. தொட்டிக்குள்ளேயே அதை வெட்டினாலோ, நசுக்கினாலோ, அது பெருமளவில் அழுகினாலோதான் நஞ்சு நீரில் பரவும் வாய்ப்பு உண்டு. கொட்டும் பவளங்களுக்கும் கடற்சாமந்திக்கும் அருகில் தவறி விழும் மீன் வேறு வகையில் இறக்கும். கடற்சாமந்திக்குள்ளேயே குடியிருக்கும் கோமாளி மீன் மட்டும் விலக்கு. அதன் உடற்பசை, கொட்டும் செல்லைத் தூண்டாத தன்மையுடையது. ஆனால் அதைப் பார்த்து மற்ற மீன்களையும் சாமந்தியோடு சிறு தொட்டியில் விடுவது, பாம்பாட்டியைப் பார்த்துப் பிள்ளையைப் பாம்போடு விடுவது போலாகும்.

நண்டும் புழுவும்: கிளைப்ஸ், மெப்ஸ் என்னும் ஜெர்மன் ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பொத்தான் பவளத்தின் அருகே வாழும் நண்டுகள், புழுக்கள், அதைத் தின்னும் மீன்கள் ஆகியவற்றின் உடலிலும் பாலிடாக்சின் சேர்ந்திருப்பது தெரிந்தது. அவற்றுக்குத் தீங்கில்லை, அவற்றைத் தின்பவர்க்குத் தீங்கு. 1994இல் மடகாஸ்கரில் சாளை இனத்து மீன் ஒன்றை உண்ட பெண் இறந்ததற்கு இந்நஞ்சே காரணம் என்று பின்னர்க் கண்டறியப்பட்டது. ஆகவே தொட்டியில் செத்த மீனைப் பூனைக்குப் போடும் வழக்கம் கூடாது.

நாயும் முயலும்: 1974இல் வெளியான ஓர் ஆய்வு, இரத்தக்குழாயில் செலுத்தப்பட்ட பாலிடாக்சின் எந்த அளவில் பாதி விலங்குகளைக் கொல்கிறது என்பதைப் பல இனங்களில் அளந்தது. ஒரு கிலோ உடல் எடைக்குச் சுண்டெலிக்கு 0.45 மைக்ரோகிராம் தேவைப்பட்டது. நாய்க்கு 0.033 மைக்ரோகிராமும் முயலுக்கு 0.025 மைக்ரோகிராமுமே போதுமானதாயின. அதாவது எலியைவிட நாய் ஏறத்தாழ 14 மடங்கும் முயல் 18 மடங்கும் எளிதில் பாதிக்கப்படுகின்றன. வாய்வழியே சென்றால் இதன் கடுமை மிகவும் குறைகிறது. எலியில் சுமார் ஆயிரம் மடங்கு அதிக அளவு, அதாவது கிலோவுக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல், தேவைப்படுகிறது. ‘அப்படியானால் அச்சமில்லையே’ என்று எண்ணிவிட வேண்டாம். 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வண்ணமீன் கடைகளில் பொத்தான் பவளங்களை விலைக்கு வாங்கிச் சோதித்தனர். சில மாதிரிகளில் ஒரு கிராம் தசையில் 500 மைக்ரோகிராமுக்கும் மேற்பட்ட நஞ்சு இருந்தது. அது 25 கிராம் எடையுள்ள எலிகள் நாற்பதுக்கு வாய்வழி கொடுத்தால் பாதியைக் கொல்லும் அளவு. வீட்டு நாய் ஒரு கிராமோடு நிற்குமா?

அதே ஆய்வில் வேறு சில மாதிரிகளில் இந்நஞ்சே காணப்படவில்லை. நிறத்தையும் உருவத்தையும் பார்த்து எது நஞ்சுடையது என்று கடைக்காரரும் வாங்குபவரும் சொல்ல இயலாது. நம் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். பொத்தான் பவளத்துக்குப் பல்லுமில்லை, சுழியுமில்லை. எல்லாவற்றையும் நஞ்சுடையதாகவே கருதிக் கையாளுவதே அறிவுடைமை.

கடல் அட்டை: பவளம் அன்று எனினும், இத்தொட்டிகளில் வளர்க்கப்படும் கடல் அட்டையையும் இங்கே சொல்ல வேண்டும். இது துன்புற்றாலோ, நீர் உறிஞ்சும் பம்பின் வாயில் சிக்கி அரைபட்டாலோ, ஹோலோத்தூரின் என்ற சப்போனின் வகைப் பொருளை நீரில் விடுகிறது. சப்போனின் நமக்குப் புதிதன்று. பூந்திக்கொட்டையில் நுரை வருவது அதனால்தான். நமக்குத் தலை குளிக்க உதவும் அந்த நுரைப்பொருள், செவுள் வழியே மீனின் இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். ஓர் அட்டை சிக்கினால் ஒரே இரவில் தொட்டி முழுதும் மீன் செத்து மிதக்கலாம்.

தொட்டி கழுவுபவரின் கதை

என் பெரியம்மா மகன் கோவையில் வண்ணமீன் கடை ஒன்றில் வேலை செய்கிறார். வீடு வீடாகச் சென்று தொட்டி கழுவுவது அவர் பொறுப்பு. சென்ற ஆண்டு ஒரு வீட்டில் பொத்தான் பவளம் படர்ந்து விலையுயர்ந்த மற்றப் பவளங்களை மூடிவிட்டது. கல்லை வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துவிடும்படி சொல்லியிருக்கிறார்கள். அவரும் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வெறுங்கையால் அரைமணி நேரம் தேய்த்திருக்கிறார். மாலையில் நாக்கில் பித்தளைக் காசை வைத்தாற்போல் கசப்பு. இரவில் நடுக்கத்துடன் காய்ச்சல், இருமல், மூச்சிளைப்பு, உடம்பெல்லாம் வலி. சலிக்காய்ச்சல் என்று மருந்து வாங்கிச் சாப்பிட்டார். நான்கு நாள் கூலி போயிற்று. கழுவிய நீர் வழிந்த இடத்தை நக்கிய அந்த வீட்டு நாய்க்குட்டி வாந்தி எடுத்து இரண்டு நாள் எழாமல் கிடந்து பிறகு தேறியதாம்.

அது பாலிடாக்சின்தான் என்று நான் சாதிக்க முடியாது. எந்தச் சோதனையும் நடக்கவில்லை. பவளத்தைக் கழுவியதை மருத்துவரிடம் அவர் சொல்லவுமில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் கேட்டபோது, “கல்லுல மொளச்ச பூவு அம்மிணி அது, அதுக்கென்ன வெசம்?” என்று சிரித்தார். ஆனால் அவர் சொன்ன அறிகுறிகளின் வரிசை நூல்களில் உள்ளதோடு அப்படியே பொருந்திற்று.

ஏனெனில் வெளிநாடுகளில் பதிவான நிகழ்ச்சிகள் பலவும் இதே வகையின. அமெரிக்காவில் அலாஸ்கா மாநிலத்தில் 2012 முதல் 2014 வரை, பொத்தான் பவளத்தைக் கையாண்ட கடைகளிலும் வீடுகளிலும் பலர் ஒரே மாதிரி நோயுற்றதை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2015இல் வெளியிட்டது. இங்கிலாந்தில் ஸ்டீவெண்டன் என்ற சிற்றூரில் 2018 மார்ச்சில் ஒருவர் தம் தொட்டியிலிருந்து பவளம் படிந்த கல்லை எடுத்துக் கழுவியதால், அவர் குடும்பத்தாரும் அங்கு வந்த தீயணைப்பு வீரர்கள் சிலரும் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. வெப்பத்தால் இந்நஞ்சு எளிதில் அழிவதில்லை. கொதிநீர் அதனை நுண்துளியாக்கிக் காற்றில் ஏற்றிவிடுகிறது. நம் வீடுகளில் ‘கொதிக்க வைத்தால் எல்லாக் கிருமியும் சாகும்’ என்று கற்பிக்கப்படும் நல்ல பழக்கமே இங்கே கேடாக முடிகிறது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அண்ணனிடம் படித்துக் காட்டத் தமிழில் ஒரு துண்டுச்சீட்டுத் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. எனவே பின்வரும் விதிகளை அவருக்காகவே முதலில் ஒரு தாளில் எழுதினேன். அதுவே இக்கட்டுரையாக விரிந்தது.

காத்துக்கொள்ளும் முறைகள்

1. பவளம் படிந்த கல்லின்மேல் வெந்நீர் ஊற்றக் கூடாது; கொதிக்க வைக்கக் கூடாது; காய்ந்த பின் சுரண்டக் கூடாது. துளி தெறிக்கும்படி தூரிகையால் தேய்ப்பதும் ஆகாது.

2. வேலைக்கு முன் ரப்பர்க் கையுறை, கண்ணாடி, முகமூடி அணிய வேண்டும். கையில் புண் இருந்தால் அன்று அந்த வேலையை விட்டுவிட வேண்டும். தெறித்த துளி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். உடனே நிறைய நல்ல நீரால் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

3. வெட்டிப் பிரிக்க நேர்ந்தால் தொட்டிக்குள் செய்யாமல், தனிக் கிண்ணத்துக் கடல்நீரில் மூழ்க வைத்துக் காற்றோட்டமான இடத்தில் செய்க. அந்த நீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

4. கழிவு நீரையும் கருவிகளையும் சோடியம் ஹைப்போகுளோரைட் வெளுப்பு நீரில் அரைமணி நேரமாவது ஊற வைத்த பின் அப்புறப்படுத்துக. கடையில் விற்கும் வெளுப்பு நீர் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்க்கலாம். அதனோடு கழிப்பறை கழுவும் அமிலத்தைக் கலந்தால் குளோரின் வாயு எழும், ஒருபோதும் கலக்கலாகாது.

5. வேலை முடியும் வரை நாய், பூனை, குழந்தைகள் அந்த அறைக்குள் வரக் கூடாது. தரையைத் துடைத்து உலர்த்திய பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

6. கொட்டும் பவளங்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையே ஒரு சாணுக்குக் குறையாத இடைவெளி விட வேண்டும். மென்பவளமும் கடினப் பவளமும் சேர்ந்திருக்கும் தொட்டியில் ஊக்குவிக்கப்பட்ட கரித்தூளை வடிகட்டியில் வைத்து அவ்வப்போது மாற்ற வேண்டும். நீரிலும் ஒரு பகுதியைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும்.

7. பம்பின் உறிஞ்சு வாய்க்குப் பஞ்சு உறை போட வேண்டும். செத்த உயிரை அன்றே அகற்ற வேண்டும். மீன்கள் கூட்டமாக மூச்சுத் திணறினால் புதிய கடல்நீர், புதிய கரித்தூள் இரண்டையும் உடனே பயன்படுத்த வேண்டும்.

8. காய்ச்சல், கசப்புச் சுவை, மூச்சிளைப்பு, தசைவலி கண்டால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகப் ‘பவளத் தொட்டி கழுவினேன்’ என்று சொல்ல வேண்டும். நாய் நோயுற்றால் கால்நடை மருத்துவரிடமும் அதையே சொல்ல வேண்டும். மருத்துவர் எல்லாம் அறிந்தவரே; ஆனால் நாம் சொல்லாததை அவர் எப்படி அறிவார்?

முடிவுரை

பவளத்தைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமன்று. அதனிடமிருந்து மனிதன் பெற்ற தீங்கைவிட மனிதனிடமிருந்து அது பெற்ற தீங்கே அதிகம். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளக்கல்லை வெட்டி எடுத்ததால் மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 2001இல் கடினப் பவளங்களும் கடல் விசிறிகளும் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உரிய பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. நம் கடலிலிருந்து அவற்றைப் பெயர்த்துத் தொட்டிக்குக் கொணர்வது குற்றமாகும் என்பதையும் தொட்டி வைப்போர் மறக்கலாகாது.

வாடிய சோளத்தை நாம் வெறுப்பதில்லை. எந்த நாளில் மாட்டை விடக் கூடாது என்று மட்டும் அறிந்து நடக்கிறோம். அந்த அறிவு ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு வந்தது. கண்ணாடித் தொட்டிக்கும் அத்தகைய அறிவு வேண்டும். இதைப் படிக்கும் நண்பர்களின் உற்றார் உறவினர் எவரேனும் இத்தொழிலில் இருந்தால், மேற்கண்ட எட்டு விதிகளையும் ஒருமுறை அவர்களுக்குப் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஜோடிக் கையுறையின் விலை நான்கு நாள் கூலியைவிடக் குறைவுதான். அதை வாங்கித் தருமாறு முதலாளியிடம் கேட்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.